இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி

"யாரைக் கேட்டு அதுல கை வெச்சீங்க?"

டீம் லீடர் மேடம் போட்ட சத்தத்தில் கீழ்மாடித் தையல்கடையில் மிஷின் நின்றே போயிருக்கும்.

எதிரே நின்றவர் அதிகம் பேசாதவர். அலுவலகத்தில் அவருக்குப் பெயரே அமுக்குணி. எட்டு வருஷமாக அங்கே ப்ரோகிராம் எழுதுகிறார். வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டது. வருகிற வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

"உங்களைத்தான் கேக்கறேன். ப்ரோகிராம் எழுதற எடிட்டர்ல அந்தப் பிளக்-இன் எதுக்குப் போட்டிருக்கு? எந்த ஃபார்மேட்டர் வேணும்னு கேக்கறதுக்கு. மூணு காட்டும். நாம எதைத் தொடணும்?"

"ரெண்டாவதை மேடம்."

"செவுத்துல எழுதி ஒட்டியிருக்கேனா இல்லையா?"

"ஒட்டியிருக்கீங்க."

"அப்புறம் ஏன் மூணாவதைத் தொட்டீங்க?"

"கை தவறிடுச்சு மேடம்."

"எட்டு வருஷமா தவறாத கை, இன்னைக்குப் பார்த்துத் தவறிடுச்சாக்கும்!"

ஃபார்மேட்டர் என்பது, எழுதிய ப்ரோகிராமைச் சீராக அடுக்கித் தரும் ஒரு வசதி. ஒன்று அடுக்கியதை இன்னொன்று கலைத்துத் தன் இஷ்டத்துக்கு அடுக்கும். அப்படிக் கலைத்ததில் எல்லா வரியும் இடம் மாறிவிட்டது. எந்த வரியைக் கடைசியாகத் தொட்டது யார் என்று எடிட்டர் ஓரத்தில் பெயர் காட்டும். அங்கே இப்போது நாலாயிரம் வரிக்கும் அமுக்குணியின் பெயர்தான்.

வேறு நாளாக இருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். முந்தின நாள்தான் இவர்கள் எழுதிக் கொடுத்த டோக்கன் ப்ரோகிராம் ஓர் ஆஸ்பத்திரியில் மானத்தை வாங்கியிருந்தது. கூட்டம் முதல் தடவையாக நூறைத் தொட்டதும், நூறாவது ஆளுக்கு மறுபடி ஒன்றாம் நம்பர் கொடுத்துவிட்டது. ஒரே நம்பரோடு இரண்டிரண்டு பேர். டாக்டர் அறை வாசலில் கைகலப்பு. காய்ச்சலோடு வந்தவர்கள் மூன்று மணி நேரம் நின்றார்கள்.

தப்பு இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியில் என்று கண்டுபிடித்தாகிவிட்டது. எழுதியது யார் என்று பார்ப்பதுதான் பாக்கி. "யாரா இருந்தாலும் இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பணும் சார்" என்று முதலாளியிடம் அடித்துச் சொன்னதே மேடம்தான். அவரும் சரி என்றுவிட்டார். இந்த நேரத்தில்தான் அமுக்குணிக்குக் கை தவறியிருக்கிறது.

"போற போக்குல வேலையைக் காட்டிட்டாரு," என்றார் ப்ரோகிராமைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

மூலை மேஜையில் ஒருத்தி தலையைத் தூக்கவே இல்லை. பிரசவ லீவு முடிந்து இரண்டு மாதம் முன்புதான் திரும்பி வந்தவள். ராத்தூக்கம் இல்லாத கண்கள். எல்லோருக்கும் அவள்மேல்தான் சந்தேகம். அவளுக்கே அவள்மேல் சந்தேகம்.

மேடமும் அந்தப் பக்கம் பார்த்தார்.

"ஓ, அப்படியா சங்கதி? அவளைக் காப்பாத்தறீங்களா?"

"யாரையும் இல்லை மேடம். வெள்ளிக்கிழமை நான் எப்படியும் போறவன். என் பேர்லயே இருந்துட்டுப் போகட்டுமே."

"பெரிய தியாகி! அங்க அடிச்சுக்கிட்டாங்களே, அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க இதை. இப்படி மூடி மூடி வெச்சா, தப்புப் பண்ணினவங்களுக்கு அது தப்புன்னே தெரியாது. நாளைக்கு மறுபடியும் பண்ணுவாங்க."

"பண்ண மாட்டாங்க மேடம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"



டெஸ்டருக்கே எரிச்சலாக இருந்தது. மேடத்தின் கணவர் மாடிப்படியில் விழுந்து இடுப்பு முறிந்து ஒன்றரை மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். காலேஜில் இரண்டு பிள்ளைகள். வீட்டில் இவர் ஒருத்தர் சம்பளம்தான். வேலை போவது என்றால் என்னவென்று தெரிந்தவரே இப்படி ஒற்றைக்காலில் நிற்கிறாரே!

"நேத்து எடுத்து வெச்ச ப்ரோகிராம் காப்பி இருக்கில்ல? அதுல பழைய பேரெல்லாம் அப்படியே இருக்கும். பெரிய ஸ்க்ரீன்ல போடுங்க," என்றார் மேடம் டெஸ்டரிடம்.

"வேண்டாம் மேடம்," என்றார் அமுக்குணி. முதல் தடவையாக அவர் குரல் உயர்ந்தது. "சொன்னாக் கேளுங்க, வேண்டாம்."

"பயமா இருக்கா? போடுங்கன்னாப் போடுங்க!"

வெளியூரில் இருந்த முதலாளியை ஃபோனில் பிடித்து, ஸ்பீக்கரையும் போட்டார் மேடம். "சார், லைன்லயே இருங்க. இப்பப் பேரைச் சொல்லிடறேன்."

டெஸ்டர் பழைய காப்பியைத் திறந்து கீழே இறக்கிக்கொண்டே போனார். இருநூறு. இருநூற்றுப் பத்து. மூலை மேஜைக்காரி கண்ணை மூடிக்கொண்டாள்.

இருநூற்றுப் பன்னிரண்டு.

ஓரத்தில் இருந்தது மேடத்தின் பெயர். பக்கத்தில் தேதி. கணவர் விழுந்ததற்கு மறுநாள்.

 டெஸ்டர் தன் கையை மவுஸிலிருந்து மெல்ல எடுத்துக்கொண்டார்.

"என்னம்மா, யார் பேரு இருக்கு?" என்றது ஃபோன்.

மேடம் ஸ்க்ரீன் பக்கத்தில் போய்த் தேதியை இன்னொரு தடவை படித்தார். 

"ஹலோ?"

அமுக்குணி முந்திக்கொண்டு ஃபோன் பக்கம் குனிந்தார். "நான்தான் சார் எழுதினேன். மன்னிச்சிடுங்க."

"நீங்களா?"

"பொய் சொல்றார் சார்!" மேடம் கத்தினார். அதே குரல், அதே கோபம். "அவரை நம்பாதீங்க. அந்த வரியை எழுதினது நான்."