நாலாவது ஈரம்

சத்தியமாக நடந்தது இது. ஒரு வரி பொய்யாக இருந்தாலும், இன்று முதல் என் குறட்டை எனக்கே கேட்கட்டும்.

காலை ஏழு மணிக்கு, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, ஸ்கேனர் தன் வீட்டு பேஸ்மென்ட் தரையில் குப்புறப் படுத்திருந்தான். விமான நிலையத்தில் ஊரார் பெட்டிகளுக்குள் எட்டிப் பார்ப்பது அவன் உத்தியோகம். பெயர் வைத்தது அவன் மனைவி.

மூன்று பலகைகளைக் கழற்றிய இடத்தில், சிமென்ட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் ஷீட், நாலு பக்கமும் டேப். முந்தாநாள் தரைக்காரம்மா ஒட்டிவிட்டுப் போனது. "ஷீட்டுக்கு அடியில முத்து முத்தா தண்ணி கோத்திருந்தா, ஈரம் பூமியிலேருந்து வருதுன்னு அர்த்தம்" என்று சொல்லியிருந்தாள்.

முத்தும் இல்லை, பவழமும் இல்லை. சாம்பல் மாதிரி காய்ந்து கிடந்தது. ஸ்கேனர் கைபேசியில் நாலு படம் எடுத்துக்கொண்டான்.

வீடு அவன் அப்பாவைவிடப் பழையது. போன மழையில் பேஸ்மென்ட்டில் விட்ட செருப்பில் காளான் முளைத்தது; வலது கால் காளான் கொஞ்சம் பெரிது. அப்போது வந்த தரைக்காரம்மா, வெளியே உடைந்திருந்த வடிகுழாயை மாற்றி, தரையைக் காயவைத்து, புதுப் பலகை போட்டுக் கொடுத்தாள்.

பத்தே நாளில் படிக்கட்டுக்குப் பக்கத்தில், பலகைமேல் குட்டையாகத் தண்ணீர். திரும்ப வந்து துடைத்தாள். அதற்கப்புறம் இரண்டு தடவை, மேலே பலகை பளிச்சென்று காய்ந்திருக்க, சரிபார்க்க வந்தவள் கழற்றிக் காட்டினால் அடியில் சொதசொதவென்று ஈரம்.

ஸ்கேனர் முதலில் பக்கத்து வீட்டுச் சாக்கடையைச் சந்தேகப்பட்டான். அப்புறம் மாடிக் குழாயை, அப்புறம் மனைவியின் வாஷிங் மெஷினை. எல்லோரும் நிரபராதிகள்.

"அவளே நனைக்கிறா, அவளே துடைக்கிறா," மேலே வந்து மனைவியிடம் கிசுகிசுத்தான். "கடைசியில வீட்டையே தோண்டணும்னு நிப்பா, பாரு."

"மூணு தடவையா கூலிகூட வாங்கல அந்தம்மா. உங்களுக்கு எல்லார் பையிலயும் கத்திதான் தெரியும்."

"வாங்காததுதான் சந்தேகமே! வந்தா வேலையா பாக்கறா? அப்பாவோட அரட்டை."

அரட்டை என்பது அநியாயம். அப்பா வானிலை அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் மழை அளந்தவர். அவர் "ஒரு தடவை இப்படித்தான், விடாம ஒம்பது நாள்..." என்று ஆரம்பித்தால், அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று மருமகள் ஓடுவாள். மகனுக்கு, மணியே அடிக்காத போன் வரும்.

தரைக்காரம்மா மட்டும் படியில் உட்கார்ந்து, "மொத்தம் எத்தனை மில்லிமீட்டர் சார்?" என்று கேட்பாள். பூமி எவ்வளவு குடித்தது என்று தெரியாமல் ஈரத்தோடு எப்படி மல்லுக்கட்டுவது?

பத்து மணிக்கு அவள் வந்தாள். ஐம்பதைத் தாண்டிய வயது, தோளில் கருவிப்பை, கையில் பஞ்சு மிதக்கும் வாளி. தனியாகக் கீழே இறங்கியவளின் குரல் பத்து நிமிஷத்தில் மேலே வந்தது.

"தம்பி, வந்து பாருங்க. முத்து கோத்திருக்கு!"

ஸ்கேனர் இரண்டிரண்டு படியாகத் தாவினான். பின்னால் மனைவி. கடைசியாக அப்பா, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மடங்க மறுக்கும் முழங்கால்களோடு பக்கவாட்டில் இறங்கினார். ஷீட்டுக்கு அடியில் துளித்துளியாகத் தண்ணீர் மின்னியது.

ஸ்கேனர் கைபேசியை நீட்டினான். "இது ஏழு மணிக்கு எடுத்தது. பொட்டுத் தண்ணி இல்ல. மூணு மணி நேரத்துல பூமி தேம்பித் தேம்பி அழுதுச்சாம்மா?"

தரைக்காரம்மா வாளியைக் காலால் பின்னுக்குத் தள்ளினாள்.

"தெரு முழுக்க உங்களைத்தானே கூப்பிடறாங்க? இந்தப் படத்தை எல்லார் வீட்டுக்கும் இப்பவே அனுப்பறேன். நாளையிலேருந்து யார் உங்களை வாசப்படி ஏத்தறாங்கன்னு பாக்கலாம்."

அவன் கட்டைவிரல் போனில் இறங்கப் போனது.

"நிறுத்துடா!" அப்பா படியில் நின்றபடியே கத்தினார். "நான்தான் ஊத்தினேன்."

"என்னது?"

"இன்னிக்கும் நான்தான். முன்னால மூணு தடவையும் நான்தான். சொம்புல கொண்டாந்து ஊத்தினேன். அவங்க பேர்ல ஒரு தப்பும் இல்ல."

"ஏம்ப்பா? பைத்தியமா உங்களுக்கு?"

"தரை காஞ்சுட்டா அவங்க எதுக்குடா வரப்போறாங்க?" அப்பா யார் முகத்தையும் பார்க்கவில்லை. "இந்த வீட்டுல மழையைப் பத்தி என்கிட்ட கேக்க வேற யாரு இருக்கா, சொல்லு."

மருமகள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எத்தனையோ பெட்டிகளைக் குடைந்தவனுக்கு, சொந்த அப்பாவைத் திறந்து பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு படமாக அழித்தான்.

"மன்னிச்சிடுங்கம்மா. எங்கப்பா அடிச்ச கூத்துக்கு உங்க தலையில பழியைப் போட்டுட்டேன்."

தரைக்காரம்மா கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். படியேறி அப்பாவைத் தாண்டிப் போனவள், நின்றாள். திரும்பி இறங்கி, அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

"தம்பி, சார் ஊத்தினது முதல் தடவை மட்டும்தான்."