தானாக நெகிழும் பேட்டரி

“டாக்டர், மறுபடியும் மயங்கி விழுந்துடுச்சு!”

மூலை மேசை அம்மா கொண்டை ஊசியைத் தலையில் செருகிக்கொண்டே கூப்பிட்டார். மயங்கி விழுந்தது அவருடைய லேப்டாப். டாக்டர் என்பவரும் மருத்துவர் அல்ல. அந்த அகராதி அலுவலகத்தின் எட்டு லேப்டாப்புகளையும் ஒன்பது வருடமாக ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருக்கும் மெக்கானிக்.

டாக்டர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டார்.

“எதுல விட்டேன்?”

“எறும்புல,” என்றன நாலு மேசைகள் ஒரே குரலில்.

“ஆங். ஒருத்தரோட லேப்டாப்புக்குள்ள எறும்புங்க குடியேறிடுச்சு. கீபோர்டுக்கு அடியிலேயே குடித்தனம். எந்த எழுத்து எப்போ தலையில விழுமோன்னு ஓடி ஓடி, கடைசியில எழுத்தெல்லாம் அதுங்களுக்கு அத்துப்படி. ஒருநாள் அவர் ஒரு கடிதத்தைப் பாதி அடிச்சுட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்து பார்த்தா மீதிக் கடிதம் அடிச்சு முடிஞ்சிருக்கு. ஒரு எழுத்துப்பிழை கிடையாது.”

“அளக்காதீங்க டாக்டர்!”

“நம்ம ஆபீஸ்லயே இல்லாத சுத்தம், எறும்புக்கிட்ட எப்படி?” என்றார் மெய்ப்புப் பார்ப்பவர்.

“அந்தக் கடிதம் யாருக்கு?” என்றார் மூலை மேசை அம்மா.

“அதுலதாம்மா விஷயமே இருக்கு...” என்றவர் சட்டென்று நிமிர்ந்தார். “பேட்டரிதான். இடத்தை விட்டு நெகிழ்ந்திருக்கு. அழுத்திட்டேன். வேலையைப் பாருங்க.”

லேப்டாப் ஓடத் தொடங்கினால் கதை நின்றுவிடும். பழுது பார்க்கும்போது பேசினால் வேலையில் சேர்த்தி, முடித்த பிறகு பேசினால் வெட்டிப்பேச்சு என்பது அவர் கொள்கை.

வெட்டிப்பேச்சுக்கும் தெம்பில்லாத அலுவலகம் அது. பத்தொன்பது வருடத்தில் அகராதி ‘சோ’ வரைக்கும் வந்திருந்தது. மூலை மேசை அம்மா மூன்று வாரமாக ‘சோர்வு’ என்ற சொல்லுக்குப் பொருள் எழுதிக்கொண்டிருந்தார். எடுத்துக்காட்டுக்கு அவர் எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. தலையைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தால் போதும்.

மாலையில் மேலாளர் எல்லோரையும் தன் அறைக்கு அழைத்தார். மேசைமேல் ஒரு கட்டுக் காகிதம்.

“எட்டு லேப்டாப். ஒரே வருஷத்துல இருநூத்திப் பன்னிரண்டு புகார்ச்சீட்டு. துவண்டதுங்கறீங்க, கண்ணயர்ந்ததுங்கறீங்க, மூர்ச்சையுற்றதுங்கறீங்க. ஒரு சீட்டுல வந்த வார்த்தை இன்னொண்ணுல இல்லை. டாக்டர், இது மொத்தம் எத்தனை வியாதி?”

“ஒண்ணுதான் சார். பேட்டரி தானா நெகிழுது. இந்தக் கம்பெனிக்குக் கூடப்பிறந்த கோளாறு.”

“அப்போ வேற கம்பெனிக்கு மாறிடலாமா? நீங்க சொல்றதுதான் முடிவு. ஆனா ஒண்ணு, புதுக் கம்பெனின்னா மூணு வருஷம் அவங்களே ஆள் அனுப்பிப் பார்த்துக்குவாங்க. தனியா ஒரு மெக்கானிக் எதுக்குன்னு மேலிடத்துல கேப்பாங்க. உங்ககிட்ட மறைக்க மனசு வரலை.”

டாக்டர் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. கடைசி மகள் படிப்பை முடிக்கவும் அதே இரண்டு வருடம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

“மாத்திடுங்க சார். என் ஒருத்தனுக்காக இவங்க எல்லாம் தினம் அல்லாடணுமா? புதுசுல பேட்டரியை உள்ளேயே வெச்சு மூடியிருக்கான். நெகிழவே நெகிழாது.”

“வெளியிலேர்ந்து ஒண்ணும் பண்ண முடியாதா?” மூலை மேசை அம்மா பதறினார்.

“சத்தியமா முடியாதும்மா. நிம்மதியா இருக்கலாம்.”

“அப்போ வேண்டாம் சார். பழசே இருக்கட்டும்.”

“அதிகச் சீட்டு எழுதினதே நீங்கதானேம்மா!” என்றார் மேலாளர்.

“அது... பழகிப்போச்சு,” என்று அவர் கொண்டை ஊசியைச் சரிசெய்துகொண்டார்.

மேலாளர் பெருமூச்சு விட்டு, புதுசு வாங்கும் தாளில் கையெழுத்துப் போட்டார்.

இரண்டு வாரத்தில் புதுப் பெட்டிகள் எட்டும் வந்து இறங்கின. பழையவற்றை எடுத்துப்போக ஆள் மறுநாள்தான் வருவதாக இருந்தது. டாக்டர் தன் அறையில் திருப்புளிகளைத் துடைத்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஒன்பது வருடத்துச் சாமான் ஒரே பையில் அடங்கிவிட்டதில் அவருக்கே கொஞ்சம் வருத்தம்.

அப்போது ஒரு சீட்டு வந்தது. ‘புதியது இயங்க மறுக்கிறது. உடனே வரவும்.’ பின்னாலேயே இன்னொன்று: ‘அசைவற்றுக் கிடக்கிறது.’ வரிசையாக எட்டு. எட்டாவது மேலாளருடையது.

“வந்த அன்னிக்கேவா?” என்று முனகிக்கொண்டு ஓடினார்.

எல்லோரும் மூலை மேசையைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு முக்காலி காலியாக இருந்தது. பெட்டிகள் சுவரோரம் அடுக்கினபடியே இருந்தன.

“பெட்டியையே பிரிக்கலையே! அப்புறம் எப்படி இயங்கும்?”

“பிரிக்காம இருந்தா ஒரு வாரத்துக்குள்ள திருப்பி எடுத்துக்குவாங்களாம். கேட்டுட்டேன்,” என்றார் மேலாளர், கூரையைப் பார்த்துக்கொண்டு.

“ஐயோ சார், எனக்காக வேண்டாம். பழசுன்னா மறுபடியும் தினம் பேட்டரி நெகிழுமே!”

மூலை மேசை அம்மா ஓடிக்கொண்டிருந்த தன் பழைய லேப்டாப்பைக் கவிழ்த்தார். கொண்டையிலிருந்து ஊசியை உருவினார். பேட்டரி இடுக்கில் விட்டு, பழகின கையால் ஒரு நெம்பு நெம்பினார். விளக்கு அணைந்தது.

“நெகிழ்ந்துடுச்சு டாக்டர். உட்காருங்க, அந்தக் கடிதம் யாருக்கு?”