ஒற்றை பஃபர்

"இன்னா சார் இது? ஒரு பக்கம் மட்டும் பஃபர் கீது!"

லிஃப்டில் தூக்கி நிறுத்திய காருக்கு அடியிலிருந்து அமீன் கத்தினான். அசோக் நகர் பூராவுக்கும் கேட்டிருக்கும்.

வண்டிக்குச் சொந்தக்காரர் கருணாகரன் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

பத்தடி தள்ளி, வீல் அலைன்மென்ட் போர்டின் நிழலில் அவர் மனைவி புஷ்பம் உட்கார்ந்து எலுமிச்சை ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒற்றை நாற்காலியை அவள் நம்புவதில்லை.

நங்கநல்லூர் ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புகிற வழி. ஸ்டியரிங்கை விட்டால் போதும், வண்டி இடது பக்கம் ஓடியது. இடது முன் டயரின் வெளி ஓரம் மொட்டையாகத் தேய்ந்துவிட்டது. இரண்டு மாதத்தில் இது மூன்றாவது அலைன்மென்ட். முதல் இரண்டு கடைகளிலும் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். குனிந்து பார்த்தவன் அமீன் ஒருத்தன்தான். நல்ல வேலைக்காரனிடம் போய் மாட்டினால் இதுதான் கஷ்டம்.

பஃபர் என்பது வேறொன்றுமில்லை, ஒரு ரப்பர் வளையம். ஸ்பிரிங்கின் இரண்டு சுற்றுக்கு நடுவே திணித்தால் வண்டி ஓர் அங்குலம் எழும்பி நிற்கும். புத்தியுள்ளவர்கள் இரண்டு பக்கமும் போடுவார்கள்.

கருணாகரன் இடது பக்கம் மட்டும் போட்டிருந்தார்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் மச்சினன் மகள் கல்யாணம். மண்டப வாசலில் சொந்தபந்தம் அத்தனையும் வழியனுப்ப நிற்கையில், புஷ்பம் முன் சீட்டில் ஏறினாள். வண்டி அவள் பக்கம் சாய்ந்தது. கேட்டருகே இருந்த வேகத்தடையில் கர்ரென்று அடி தட்டியது. பொடிசுகள் கைகொட்டிச் சிரித்தன. புஷ்பமும் சிரித்தாள். கருணாகரனும் சிரித்தார், எல்லாரையும்விடக் கொஞ்சம் சத்தமாக.

மறுநாளே, அவளுக்குத் தெரியாமல், வேறொரு கடையில் கொண்டுபோய் பஃபர் போட்டார். ஜோடியாகத்தான் போட வேண்டும் என்று அந்தக் கடைக்காரர் தலைதலையாய் அடித்துக்கொண்டார். "வெயிட்டு எல்லாம் அந்தப் பக்கந்தான்" என்று கண்ணடித்தார் இவர். மிச்சமிருந்த ஒன்றை டிக்கியில் ஸ்டெப்னிக்கு அடியில் வீசினார்.

இத்தனைக்கும் தி.நகரில் நைட்டிக் கடை வைத்திருக்கிற மனுஷன். கடைக்கு வருகிற எந்தப் பெண்ணையும் பார்த்து குண்டு என்ற வார்த்தையை இருபது வருஷத்தில் ஒரு தடவை சொன்னதில்லை. "லூசா எடுத்துக்கோங்கம்மா, காத்தோட்டமா இருக்கும்" என்பார். அந்த மரியாதையையெல்லாம் ஷட்டரை இறக்கும்போது கடைக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடுவார் போலிருக்கிறது.

"யாரு சார் போட்டது?" அமீன் விடுவதாக இல்லை.

"வாங்கும்போதே இருந்துச்சு தம்பி."

வண்டி ஷோரூமில் புதிதாக வாங்கியது. அன்றைக்கு எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தவளே புஷ்பம்தான். ஜூஸ் உறிஞ்சுகிற சத்தம் நின்றுவிட்டது.

"சரி, முன்னாடி சீட்ல எப்பவும் யார்னா உக்கார்றாங்களா? அந்த வெயிட்டுக்கு மணல் மூட்டை வெச்சிதான் செட் பண்ணணும். சொல்லு சார், எத்தினி கிலோ?"

"யாரும் உக்கார்றதில்ல."

இது பொய்யில்லை. நாலு மாதமாக புஷ்பம் பின் சீட்டில்தான் உட்காருகிறாள், அவருக்கு நேர் பின்னால், வலது பக்கம். ஏசி கழுத்தில் அடிக்கிறது என்றாள். அவர் ஏன் என்று இன்னொரு தடவை கேட்கவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

"அப்போ அதான் சார் மேட்டரு. லெஃப்ட்ல ஆளே இல்ல, சும்மா தூக்கிக்கினு நிக்குது. ஒண்ணு இதைக் கழட்டணும், இல்ல அந்தாண்டயும் ஒண்ணு போடணும். ஜோடியாத்தான விப்பாங்க, இன்னொண்ணு எங்க?"

அமீன் வண்டியை இறக்கினான். கேட்காமல் கொள்ளாமல் டிக்கியைத் திறந்தான், ஸ்டெப்னியைத் தூக்கினான்.

"அட, இங்கதான் கீது!"

அவர் வீசியது கிரீஸும் புழுதியுமாக இருந்த வெறும் ரப்பர். அமீன் கையில் இருந்தது நன்றாகத் துடைத்து, அவர் கடை நைட்டிக் கவர் ஒன்றில் போட்டு வைத்த ரப்பர். கவரின் வாயில் இரண்டு முடிச்சு. முடிச்சின் நுனி உள்ளே செருகியிருந்தது.

தினமும் புஷ்பம் அவருக்குக் கொடுத்தனுப்புகிற மதியச் சாப்பாட்டுக் கவர் அப்படித்தான் கட்டியிருக்கும்.

அவருக்குக் காது இரண்டும் சுட்டது. மண்டப வாசலில் அன்றைக்குப் பட்டதெல்லாம் ஒரு வெட்கமா? வெட்கம் இப்போதுதான் பிடுங்கித் தின்றது. திரும்பிப் பார்க்க தைரியம் வரவில்லை.

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. புஷ்பம் காலி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அவரைத் தாண்டிப் போய் அமீன் முன்னால் நின்றாள். முகத்தில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. பையனுக்குத்தான் தெரியும் என்று நம்பி, நிஜமாகவே கேட்டாள்.

"முன்னாடி உக்காந்தா சாயுது. பின்னாடி உக்காந்தா இழுக்குது. நான் எங்க உக்காந்தா தம்பி வண்டி நேராப் போகும்?"