உள்ளங்கைக்குள் அடங்கிய மெஷின்

திருத்தங்கல் இரும்புக்கடையின் மேசைமீது, வீட்டில் தனக்கென்று செதுக்கிவரும் அம்பெய்யும் புளியமர வில்லைப் பொன்மணி கிடத்துகிறாள். அவள் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனிக்கு இன்று விடுமுறை. கணவன் நாகையாவும் கூட நிற்கிறான். உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து அவள் விரல்கள் கன்றியிருக்கின்றன. "இந்தப் பெரிய மெஷினை எடுத்துக்கிடுங்க, நிமிசத்துல தேச்சிரும்" என்கிறார் கடைக்காரர் ரத்தினசாமி. கழிவுக்கட்டை ஒன்றில் அவள் அதை ஓட்டிப் பார்க்கிறாள். மரத்தைக் கவ்விப் பள்ளம் போடுகிறது. "ரொம்ப அவசரப்படுது அண்ணாச்சி. ஒரு பக்கம் கூடுதலாத் தேஞ்சா வில்லு முறிஞ்சிரும். அந்தச் சின்னதக் குடுங்க." உள்ளங்கைக்குள் அடங்கும் வட்ட மெஷின் தாழ்ந்த குரலில் முனகுகிறது. நாகையா தடுப்பதற்குள் அதை வில்லின்மேலேயே வைத்துவிடுகிறாள். மாதக்கணக்கில் உழைத்துச் செய்த வில். மாவுபோல் எழும் தூள் வாசல் வெயிலில் மினுங்கி அவள் புருவத்தில் படிகிறது. அவள் இமைக்கவில்லை. ஒரு கை மெஷினை நகர்த்த, மறு கை மரத்தைத் தடவித் தடவிப் பின்தொடர்கிறது. சத்தம் அடங்குகிறது. நாணைப் பூட்டி, மெல்ல இழுக்கிறாள். மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒன்றுபோல வளைகின்றன, மரம் முனகவேயில்லை. ரத்தினசாமி சிரித்தபடி அந்தச் சின்ன மெஷினுக்குப் பெட்டி தேடுகிறார். நாகையா வளைந்த வில்லைத் தொடாமல் பார்க்கிறான். "ஏ புள்ள, எனக்கும் ஒண்ணு செஞ்சு தருவியா?"