ஆறு நீலப் புள்ளிகள்

செத்து மூன்று வருடமான ஒரு பெண்ணை, அவளைக் கொன்ற கிருமியை அடையாளம் காட்ட வைத்தவன் நான். ஓய்வு பெற்றவன் கதை விடுகிறான் என்று சிரியுங்கள், என் மனைவியும் சிரித்தாள். அந்தப் பெண் பிலோமினாவின் ரத்த அணுக்கள் எங்கள் ஆய்வகத்தில் உறைந்து கிடந்தன. கடைசிக் குப்பி. கிருமியின் எந்தத் துண்டைத் தடுப்பூசியில் வைக்கலாம் என்று தெரிய வேண்டும். தொண்ணூறு துண்டுகளை, சோதனைத் தட்டின் குழிக்கு ஒன்றாக, அவள் அணுக்களிடம் கொடுத்தேன். ஓர் அணு துண்டைத் தூக்கிப் பிடித்துக் காட்டும், இன்னோர் அணு வந்து பார்க்கும். பழகிய முகமென்றால் குழியில் நீலப் புள்ளி விழும். எண்பத்தொன்பது குழிகளில் ஒன்றுமில்லை. ஒன்றில் மட்டும் ஆறு புள்ளிகள், ஒவ்வொன்றும் பௌர்ணமி நிலா அளவுக்கு.

"தூசியா இருக்கும் அண்ணே," என்றார் ஆய்வகத் தலைவர் டாக்டர் மெஹருன்னிசா. "மூணு தடவை வந்தாத்தான் அறிக்கையில எழுத முடியும்."

"குப்பி காலி மேடம். இனி அந்தம்மாவே வந்து கையை நீட்டினாத்தான் உண்டு."

அவர் லென்ஸில் குனிந்தார். ஆறையும் ஒவ்வொன்றாக எண்ணினார். பிறகு தட்டைக் கழிவுப் பையில் போட்டு, பையின் வாயைக் கட்டினார்.

"எழுத முடியாது. ஆனா அந்தம்மாவுக்கு அடையாளம் தெரிஞ்சிருக்கு அண்ணே," என்றார்.