வீடு பார்க்க வந்தவர்கள்

"வீடு பாக்க வந்திரிக்கம்" என்றாள் கேற்றடியில் நின்ற பெண்.

பத்து மணிக்கு வருவார்கள் என்று கலியாணப் புரோக்கர் சொல்லியிருந்தார். ஒன்பதரைக்கே வந்துவிட்டார்கள். அவ்வளவு ஆவல் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று பேர். ஒரு கணவன், மனைவி. மாப்பிள்ளையின் அண்ணனும் அண்ணியுமாக இருக்க வேண்டும். மூன்றாவது ஆளின் கையில் சின்னச் சுத்தியல், ரோச் லைற். மாப்பிள்ளை இஞ்சினியர் என்று புரோக்கர் சொன்னது பொய்யில்லை.

எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கொடுத்தால்தான் கலியாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். இருக்கப்போகிற மனிதர் தட்டிப் பார்க்கத்தானே வேண்டும்.

என் மகள் கேதீஸ்வரிக்கு முப்பத்துமூன்று. இது நான்காவது இடம்.

முதலில் வந்தவர்கள் தரைக்கு மாபிள் இல்லை என்றார்கள். பதித்தேன். அடுத்து வந்தவர்கள் அறையோடு பாத்ரூம் இல்லை என்றார்கள். கட்டினேன். அதற்கடுத்து வந்தவர்களுக்கு மேல்மாடி வேண்டுமாம். கொக்கட்டிச்சோலை வட்டையில் என் புருசன் விட்டுப்போன வயலை விற்று அதையும் ஏற்றினேன்.

மகள் அப்படியேதான் இருந்தாள். வீடுதான் வளர்ந்தது.

இதுவும் சரிவராவிட்டால் இனித் தன்னிடம் வரவேண்டாம் என்று புரோக்கர் சொல்லிவிட்டார். விற்க வயலும் இல்லை.

"இரிங்க மகன், டீ குடிச்சிட்டுப் பாக்கலாமே."

"முதல்ல கூரையைப் பாத்திர்ரன்" என்றார் இஞ்சினியர்.

ஏணி கேட்டார். ஏறினார். இறங்கி ஒவ்வொரு சுவராகத் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். பிறகு குசினிக்குள் போய் சிங்கின் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டார். வருங்கால மருமகனை அந்தக் கோலத்தில் பார்க்க எத்தனை மாமியாருக்குக் கொடுத்துவைத்திருக்கும்.

கேதீஸ்வரி சேலை கட்டி, டீ கொண்டுவந்து அவர் முன்னால் நின்றாள். அவர் அவளுடைய தலைக்கு மேலே பார்த்தார்.

"இதில ஒழுக்கு இரிக்கி" என்றார்.

அவள் மேலே பார்த்தாள். இருந்தது.

"அத்திவாரம் ஒரு தட்டுக்குத்தான் போட்டது. இது வாவிக்கரை மண். இதுக்கு மேல மாடி ஏத்தச் சொன்னது ஆரு?"

"உங்களப்போல வந்த ஆக்கள்தான் மகன்."

அவர் ஒரு கடதாசியில் எழுதிக்கொண்டே போனார். பதினேழு குறை. பதினேழுக்கும் "செஞ்சி தாறன்" என்றேன்.

அண்ணி மெல்லப் பேச்சை எடுத்தாள்.

"வீட்டு உறுதிப் பத்திரம் ஆர்ட பேரில?"

"மகள்ட பேரில."

"அவ கையெழுத்து வைப்பாதானே?"

"வைக்காம என்ன."

"அப்ப எப்ப எழுதலாம்?"

எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. கலியாணப் பதிவை நாங்கள் எழுத்து என்றுதான் சொல்வோம். பெண்ணோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை, எழுத்துக்கு நாள் கேட்கிறார்கள். வீட்டுக்கு அவ்வளவு மவுசு.

"ஆவணியில வைப்பம்" என்றேன்.

"நீங்க எப்ப வெளிக்கிடுவீங்க?"

"நான் எங்க போற மகள். பின்னால இரிக்கிற சின்ன அறை எனக்குக் காணும்."

அவள் புருசனைப் பார்த்தாள். புருசன் இஞ்சினியரைப் பார்த்தான்.

"வீட்டை வித்துப்போட்டும் நீங்க இதுக்குள்ளயே இரிப்பீங்களா?" என்றாள் அவள்.

விற்பதா.

விற்பனைக்கு இருந்த வீடு அடுத்த ஒழுங்கையில். அதற்கும் இதே போல நீலக் கேற்.

வந்த மனைவியும் கணவனும் யசோதினி, நிலோஜன். காதலித்துக் கட்டியதால் அவளுடைய தாய் அவளுக்கு வீடு கொடுக்கவில்லையாம். பாசிக்குடா ஹோட்டலில் இரண்டு பேரும் பத்து வருடம் வேலை செய்து, முதன்முதலாக ஒரு வீடு வாங்கப் பார்க்கிறார்கள். ஏமாந்துவிடுவோமோ என்ற பயத்தில் இஞ்சினியரைக் காசு கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறார்கள்.

மன்னிக்கச் சொல்லி மூவரும் எழுந்தார்கள். எனக்கு இருந்த கவலை வேறு.

"அந்தக் கடதாசிய ஆருக்கும் காட்டிராதீங்க மகன். இப்ப ஆக்கள் வரப்போறாங்க."

கேதீஸ்வரி கையை நீட்டி அந்தக் கடதாசியை வாங்கினாள். பதினேழையும் நின்று வாசித்தாள்.

"இவ்வளவையும் கழிச்சிப்போட்டு, இந்த வீட்ட என்ன விலைக்குக் கேப்பீங்க?" என்று யசோதினியிடம் கேட்டாள்.

"புள்ள" என்றேன்.

"உறுதி என்ட பேரிலதானேம்மா. உங்களுக்கும் எனக்கும் ரெண்டு அறையில ஒரு வீடு காணும்."

ஒழுங்கையில் ஒரு வான் வந்து நின்றது. மாப்பிள்ளை வீட்டார் ஐந்து பேர் இறங்கினார்கள். இறங்கியதுமே மேல்மாடியை அண்ணாந்து பார்த்தார்கள்.

கேதீஸ்வரி யசோதினியின் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"வீடு விலைப்பட்டிட்டு எண்டு அவங்களுக்குச் சொல்லிவிடுங்கம்மா" என்றாள்.