மிதிக்கிற படகு

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருக்கும் ஒச்சப்பனுக்கு, தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் தேக்கிய தன் படுதாக்குளத்தில் கயாக் படகு விட்டு மீன் பிடிக்க ஆசை வந்துவிட்டது. கையால் துடுப்புப் போடுவதா, காலால் பெடல் மிதிப்பதா என்பதுதான் குழப்பம்.

"பெடலையே வாங்குங்கண்ணே," என்றான் பக்கத்துத் தோட்டத்துத் திருப்பதி. "கால் பாட்டுக்கு மிதிக்கும். ஒரு கையிலே தூண்டி, ஒரு கையிலே வறுத்த கடலை!"

"பெடல் படகுக்கு அடியிலே தகடு நீட்டிக்கிட்டு நிக்குமே," என்றாள் மனைவி சந்திரவல்லி. "வெயில் இந்தப் போடு போடுறப்ப, படுதா கிழிஞ்சா செடிக்குத் தண்ணி ஏது? துடுப்பே போதுங்க."

"மதினிக்கு அண்ணன் கை வலிச்சாப் பரவாயில்லை போல!"

ஒச்சப்பனுக்கு ரோசம் வந்தது. பெடல் படகே ஜீப்பில் ஏறி வந்தது.

மறுநாள் தொந்தி குலுங்க மிதித்தார். கரையோரம் திரும்பும்போது 'சர்ர்' என்று சத்தம். படுதா நீளமாகக் கிழிந்து, தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு சரிவில் இறங்கியது. சிரிக்காதீர்கள் கண்ணுகளா, படகு சேற்றில் உட்கார்ந்த பிறகும் மனுஷன் மிதித்துக்கொண்டுதான் இருந்தார்.

"அடேய் திருப்பதி, வெரசா வாடா! தண்ணி பூராம் போகுது!"

"இப்ப வர முடியாதுண்ணே, சோலியா இருக்கேன்!" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

சந்திரவல்லி எட்டிப் பார்த்தாள். கோடை முழுக்கக் கெஞ்சியும் ஒச்சப்பன் ஒரு குடம் தண்ணீர் தராததால் வாடிக்கிடந்த திருப்பதியின் ஏலச்செடிகளுக்குள், தண்ணீர் பிரிந்து பிரிந்து பாய்ந்துகொண்டிருந்தது. படகு ஜீப்பில் வந்த அன்றைக்கே வாய்க்கால் வெட்டி வைத்துவிட்டானாம்.